ஜான் லூதர் ஆடம்ஸும் பறவைகளின் பாட்டும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜான் லூதர் ஆடம்ஸ் யார்?

1953 ஜனவரி 23 அன்று அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில் உள்ள மெரிடியன் நகரில் பிறந்த இசையமைப்பாளர். இளமையில் ராக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்தவர். ராக் இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸப்பாவின் இசைத்தட்டு உறையில் இசையமைப்பாளர் எட்கார் வரேஸின் பெயரைப் பார்த்து, அந்தப் பெயருக்குரியவர் யாரென்று தேடிப் போனதில் இருபதாம் நூற்றாண்டின் புதிய இசை அவருக்கு அறிமுகமாயிற்று. கலிஃபோர்னியா கலைக் கல்வி நிறுவனத்தில் ஜேம்ஸ் டென்னியிடம் பயின்று 1973-இல் பட்டம் பெற்றார். 1978 முதல் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் அலாஸ்காவில் வாழ்ந்தார். 'பிகம் ஓஷன்' என்ற படைப்புக்காக 2014-இல் இசைக்கான புலிட்சர் பரிசைப் பெற்றார்.

'நிக்சன் இன் சைனா' என்ற ஓபராவை எழுதிய ஜான் ஆடம்ஸ் வேறொருவர். இருவரும் அமெரிக்கர்கள், சமகாலத்தவர்கள், இருவரும் புலிட்சர் பெற்றவர்கள் என்பதால் இந்தக் குழப்பம் ஓயாமல் நேர்கிறது.

பறவைகளின் பக்கம் அவர் எப்படித் திரும்பினார்?

படிப்பு முடிந்ததும் அவர் கலிஃபோர்னியாவை விட்டு ஜார்ஜியா மாநிலத்தின் கிராமப்புறத்துக்குச் சென்று குடியிருந்தார். அங்கே காட்டோரத்தில் வுட் த்ரஷ் என்னும் பூங்குருவியின் பாட்டு அவர் காதில் விழுந்தது. பழுப்பு முதுகும் புள்ளியிட்ட வெள்ளை மார்பும் கொண்ட இந்தச் சிறு பறவை, வட அமெரிக்காவின் கிழக்குக் காடுகளில் கோடையில் கூடு கட்டி, குளிர்காலத்தில் மத்திய அமெரிக்காவுக்குப் பறந்துவிடும். விடியலிலும் அந்தியிலும் அது பாடும் குரலில், குழலோசை போன்ற தெளிவும், இறுதியில் மணிச்சரம் சிலிர்த்தது போன்ற ஒரு நடுக்கமும் இருக்கும். மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடைக்கரையில் நின்று சீகாரப் பூங்குருவியின் சீழ்க்கையைக் கேட்டவர்களுக்கு, ஒரு பறவை மனிதனை நடையை நிறுத்தி நிற்கச் செய்வது எப்படி என்பதை நான் விளக்க வேண்டியதில்லை.

ஆடம்ஸ் அந்தப் பாட்டைக் காதால் கேட்டுக் கையால் எழுதத் தொடங்கினார். 1974-இல் தொடங்கி அந்தப் பத்தாண்டின் இறுதிவரை எழுதிய சிறு பாடல்களின் தொகுதிதான் 'சாங்பேர்ட்சாங்ஸ்'. நவீன இசையின் கணக்கு நுட்பங்களை எல்லாம் கற்று வந்த இருபத்தொரு வயது இளைஞர் ஒரு குருவிக்கு மாணவராக அமர்ந்தார் என்பதே இந்த வரலாற்றில் என்னை மிகவும் தொடுகிற செய்தி.

அவருடைய இசையில் பதிவு செய்யப்பட்ட பறவைக் குரல்கள் ஒலிக்கின்றனவா?

இந்தப் பாடல்களில் இல்லை. எல்லாவற்றையும் மனிதர்களே கருவிகளில் வாசிக்கிறார்கள். இவற்றை எழுதும்போதும் அவர் ஒலிப்பதிவுகளைச் சார்ந்திருக்கவில்லை. வெளியில் அமர்ந்து நேரில் கேட்டதை எழுதினார்.

பதிவுகளை இசைக்குள் கொண்டுவந்த மரபு வேறாக இருக்கிறது. இத்தாலியரான ஒட்டோரினோ ரெஸ்பீகி, 1924-இல் முதன்முதலாக வாசிக்கப்பட்ட 'ரோமின் பைன் மரங்கள்' படைப்பில் நைட்டிங்கேலின் கிராமபோன் பதிவை இசைக்குழுவின் நடுவே ஒலிக்கச் செய்தார். ஃபின்லாந்தின் எயினோயுஹானி ரவுத்தவாரா 1972-இல் ஊலு பல்கலைக்கழகத்தின் பட்டமளிப்பு விழாவுக்காக எழுதிய 'கான்டுஸ் ஆர்க்டிகுஸ்' இன்னும் முழுமையானது. வடக்குச் சதுப்பு நிலங்களில் பதிவு செய்த குரல்களை ஒலிநாடாவில் ஓடவிட்டு அவற்றுடன் இசைக்குழுவை வாசிக்கச் செய்தார். கொம்பு வானம்பாடி ஒன்றின் குரலை இரண்டு ஸ்தாயி கீழே இறக்கி, அதை இனம்தெரியாத ஒரு பேருயிரின் குரலாக்கினார். அது மிக அழகான படைப்பு. ஆயினும் அதில் பறவை பறவையாகவும் இசைக்குழு இசைக்குழுவாகவும் அருகருகே நிற்கின்றன. பறவையின் பாட்டு மனித மூச்சின் வழியாகவும் விரல்களின் வழியாகவும் கடந்து வரும்போது என்ன ஆகிறது என்பதே ஆடம்ஸின் கேள்வியாக இருந்தது.

பறவையின் பாட்டை ஸ்வரப்படுத்துவதில் என்ன சிரமம்?

முதல் சிரமம் உடலமைப்பு. மனிதக் குரல் மூச்சுக்குழலின் மேல்முனையில் உள்ள குரல்வளையில் பிறக்கிறது. பறவைக்கோ, மூச்சுக்குழல் இரண்டு நுரையீரல்களுக்குமாகப் பிரியும் அடிப்பகுதியில் சிரிங்ஸ் என்னும் உறுப்பு இருக்கிறது. அதன் இரு பக்கங்களும் தனித்தனியே இயங்கக் கூடியவை. வுட் த்ரஷ் தன் பாட்டின் இறுதிப் பகுதியில் ஒரே நேரத்தில் இரண்டு குரல்களில் பாடுகிறது; நமக்கு அது ஒரு சிலிர்ப்பாக மட்டுமே கேட்கிறது. ஒரு குழலுக்கு எழுதும்போது இந்த இரட்டைக் குரலில் பாதியை இழக்க வேண்டும், அல்லது இரண்டு வாத்தியக்காரர்களிடையே பிரித்துக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது, உயரமும் வேகமும். பியானோவின் கடைசிக் கட்டை ஏறத்தாழ 4186 ஹெர்ட்ஸில் ஒலிக்கிறது. பல பாடும் பறவைகள் அதைத் தாண்டிச் சர்வ சாதாரணமாகச் செல்கின்றன. ஒரு நொடிக்குள் நம் காது பிரித்தறிய முடியாத அளவு அசைவுகளையும் அவை செய்கின்றன. அதோடு, கமகம் இன்றிப் பாடும் பறவை அரிது. ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கி, ஸ்வரங்களுக்கு இடைப்பட்ட இடங்களில் உலவி வருகிற பாட்டை, ஒரு ஸ்தாயியைப் பன்னிரண்டு சம பங்குகளாக வெட்டிய மேற்கத்தியக் கருவியில் கொண்டுவருவது, கர்நாடக இசையின் தோடியை ஹார்மோனியத்தில் வாசிக்க முயல்வதைப் போன்றது.

ஃபிரான்ஸின் ஒலிவியே மெசியான் இதற்கு ஒரு வழி கண்டார். பாட்டின் வேகத்தைக் குறைத்து, ஸ்தாயியைக் கீழே இறக்கி, மிக நுண்ணிய இடைவெளிகளைப் பெரிதாக்கி, ஆனால் அவற்றுக்கிடையேயான விகிதத்தை மாற்றாமல் எழுதினார். சிறு எழுத்துச் சுவடியை உருப்பெருக்கி வழியாகப் பார்ப்பது போன்ற முறை அது.

ஆடம்ஸ் பெரிதாக்கவில்லை. பறவையின் உயரத்துக்கு மிக அருகில் செல்லக்கூடிய பிக்கோலோ என்னும் சிறு குழலைத் தேர்ந்தெடுத்தார். சைலஃபோன், மரிம்பா, மணிகள், முரசுகள் ஆகியவை அதன் துணை. உருண்டையான மென்குரல் கொண்ட ஓகரினா என்னும் ஊதுகருவியும் இடையே வருகிறது. தாம் எழுதியவை நேர்ப்படிகள் அல்ல, மொழிபெயர்ப்புகள் என்பதை அவர் ஒளிக்கவில்லை. பறவை தன் இனத்துக்குச் சொல்வது என்ன என்று நமக்குத் தெரியாது. பொருள் தெரியாத மொழியிலிருந்து ஒலியை மட்டும் பெயர்த்தெழுதும் ஒருவருக்கு எவ்வளவு பணிவு வேண்டுமோ அவ்வளவு பணிவு இந்தப் பாடல்களில் இருக்கிறது.

'சாங்பேர்ட்சாங்ஸ்' எப்படி வாசிக்கப்படுகிறது?

வாசிப்போர் ஒரு சிறு குழு: பிக்கோலோ வாசிப்பவர்கள் இருவரும், தாளக் கருவிகள் வாசிப்பவர்கள் சிலரும். 'வுட் த்ரஷ்', 'மார்னிங்ஃபீல்ட்சாங்', 'மோர்னிங் டவ்', 'ஈவன்சாங்' என்பன போன்ற பெயர்களுடன் ஒன்பது பாடல்கள் உள்ளன.

தொடக்கம் முதல் முடிவு வரை அளவு கட்டி எழுதிய ஸ்கோர் இதற்கு இல்லை. ஒவ்வொரு வாசிப்பாளருக்கும் பாட்டுத் துணுக்குகளின் தொகுப்பு ஒன்று தரப்படுகிறது. எதை எப்போது வாசிப்பது, ஒரு துணுக்குக்கும் அடுத்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் மௌனமாக இருப்பது என்பதை அவரவரே, மற்றவர்களைக் கேட்டுத் தீர்மானிக்கிறார்கள். எல்லோரையும் கட்டிப்போடும் ஒரே காலப்பிரமாணமும் கிடையாது. வாசிப்பவர்கள் மேடையில் நெருங்கி அமராமல் ஒருவரிடமிருந்து ஒருவர் விலகி நிற்கிறார்கள். குரல் ஒரு திசையிலிருந்தும் மறுகுரல் இன்னொரு திசையிலிருந்தும் வருகிறது. ஆகவே இரண்டு நிகழ்ச்சிகள் ஒன்றுபோல் அமைவதில்லை.

இதை வெறும் புதுமை விருப்பம் என்று நினைத்துவிடக் கூடாது. விடியற்காலைக் காட்டில் பத்துப் பறவைகள் பாடும்போது அவற்றுக்குப் பொதுவான தாளக் கட்டு இருப்பதில்லை. ஆனாலும் அந்தக் கூட்டொலி குழப்பமாகவும் இருப்பதில்லை. ஒன்று பாடி நிறுத்தும், மற்றொன்று இடம் பார்த்துத் தொடங்கும், தொலைவில் மூன்றாவது ஒன்று தன் போக்கில் போய்க்கொண்டிருக்கும். அந்த ஒழுங்கைத் தாளில் எழுத வேண்டுமானால் தாளக் கோடுகளைக் கைவிடுவதைத் தவிர வேறு வழியில்லை. மெட்டை எந்த இசையமைப்பாளரும் பறவையிடமிருந்து எடுத்துவிட முடியும்; ஐரோப்பியக் குயிலின் இரண்டு ஸ்வரங்களைப் பல நூற்றாண்டுகளாக எடுத்து வந்திருக்கிறார்கள். ஆடம்ஸ் மெட்டோடு சேர்த்து, அது ஒலித்த வெளியையும் அதன் காலத்தையும் எடுத்துக்கொண்டார். பிற்காலத்தில் அவர் எழுதிய பேரளவுப் படைப்புகளின் விதை இந்தச் சிறு பாடல்களில் இருக்கிறது என்று நான் கருதுவதற்கு இதுவே காரணம்.

மெசியான் ஏற்கெனவே செய்ததைத்தானே இவரும் செய்கிறார்?

இந்தக் கேள்வியில் நியாயம் உண்டு. பறவையிசை என்றால் மெசியானின் பெயரே முதலில் வரவேண்டும். கெர்லிட்ஸ் போர்க்கைதிகள் முகாமில் 1941 ஜனவரி 15 அன்று முதன்முதலாக வாசிக்கப்பட்ட 'காலத்தின் முடிவுக்கான நால்வரிசை'யிலேயே கரும்பறவையும் நைட்டிங்கேலும் பாடுகின்றன. 1953-இல் வந்த 'பறவைகளின் விழிப்பு', அடுத்து 1956 முதல் 1958 வரை பியானோவுக்காக எழுதிய பதின்மூன்று பகுதிகள் கொண்ட 'பறவைகளின் பட்டியல்' ஆகியவற்றில் அவர் செய்த உழைப்புக்கு ஈடு சொல்ல ஆள் இல்லை.

ஆனால் மெசியானின் காட்டில் ஒவ்வொரு குரலும் ஆசிரியரின் கையெழுத்தில் இருக்கிறது. எந்த நொடியில் எந்தப் பறவை, எவ்வளவு உரக்க, எந்த வண்ணத்தில் என்பது முழுவதும் எழுதப்பட்டிருக்கிறது. 'பறவைகளின் பட்டியல்' தொகுதியில் அத்தனையையும் ஒரு பியானோ கலைஞரின் பத்து விரல்கள் நிகழ்த்திக் காட்டுகின்றன. அது ஒரு மாபெரும் மனம் கேட்ட காடு. ஆடம்ஸ் அந்த மனத்தின் இடத்தைக் காலியாக விட்டு, வாசிப்பவர்களையும் கேட்பவர்களையும் அங்கே வந்து நிற்கச் சொல்கிறார். இரண்டில் ஒன்றை உயர்த்தி மற்றதைத் தாழ்த்த எனக்கு மனமில்லை. ஆயினும் காட்டில் உண்மையிலேயே நின்றிருந்த உணர்வு எனக்கு ஆடம்ஸிடம்தான் கிடைக்கிறது.

பறவைகள் பாடுவதை இசை என்று சொல்லலாமா?

எல்லைப் பாதுகாப்பு, துணை தேடல் ஆகியவற்றுக்காகவே ஆண் பறவைகள் பெரும்பாலும் பாடுகின்றன. அந்தப் பயனைச் சொல்லிவிட்டால் கேள்வி முடிந்துவிடுவதில்லை. ஹெர்மிட் த்ரஷ் என்னும் மற்றொரு பூங்குருவியின் பாடல்களை ஆராய்ந்து 2014-இல் வெளியிடப்பட்ட ஆய்வொன்றில், எடுத்துக்கொண்ட 71 பாடல் வகைகளில் 57-இன் ஸ்வரங்கள் இயற்கையான மேற்சுரவரிசையில் அமைந்திருந்தது தெரியவந்தது. ஒரு தந்தியை மீட்டும்போது அடிநாதத்துக்கு மேலே தானாக எழும் அந்த வரிசையையே மனித இசை மரபுகள் பலவும் தமக்கு ஆதாரமாகக் கொண்டிருக்கின்றன. ஆய்வாளர்களில் ஒருவரான எமிலி டூலிட்டில் தாமும் ஓர் இசையமைப்பாளர் என்பது இங்கே பொருத்தமான செய்தி. பறவை இதை அழகுக்காகச் செய்கிறதா என்பதற்கு அந்த எண்கள் விடை தரவில்லை. விடை தருவதாக அவர்களும் சொல்லவில்லை.

அலாஸ்கா அவருடைய இசையை எப்படி மாற்றியது?

அவர் அங்கே போனது இசைக்காக மட்டும் அன்று. காட்டுநிலங்களைக் காக்கும் இயக்கத்தில் பணியாற்றப் போனார். வடக்கு அலாஸ்கா சுற்றுச்சூழல் மையத்தின் செயல் இயக்குநராகவும் இருந்தார். 1980 டிசம்பரில் கையெழுத்தான சட்டத்தின் வழியாக அலாஸ்காவில் பத்துக் கோடி ஏக்கருக்கும் மேற்பட்ட நிலம் பாதுகாப்புக்குள் வந்தது. அந்தச் சட்டத்துக்காகப் பாடுபட்ட தலைமுறையைச் சேர்ந்தவர் அவர். ஃபேர்பேங்க்ஸ் நகருக்கு வெளியே, ஸ்ப்ரூஸ் மரங்களுக்கு நடுவே, குழாய்த் தண்ணீர் இல்லாத சிறு குடிலில் பல ஆண்டுகள் வாழ்ந்தார். நகரின் சிம்ஃபனி இசைக்குழுவில் டிம்பனி முரசு வாசித்தார்.

குளிர்காலத்தில் பறவைகள் பெரும்பாலும் போய்விடும் ஊர் அது. மாதக்கணக்கில் பனியும் காற்றும் மங்கிய ஒளியுமே மிஞ்சுகின்றன. பறவையைக் கேட்கப் பழகிய காது, பறவை இல்லாத வெளியையும் கேட்கத் தொடங்கியது. 1998-இல் எழுதிய 'இன் த ஒயிட் சைலன்ஸ்' எழுபத்தைந்து நிமிடம் நீளும் படைப்பு. அதில் பாட்டு என்று சொல்லத்தக்கது குறைவு, பரப்பு அதிகம்.

'கேட்பதற்காக நீ செல்லும் இடம்' என்பது என்ன?

ஃபேர்பேங்க்ஸில் உள்ள அலாஸ்கா பல்கலைக்கழக வடக்கு அருங்காட்சியகத்தில் 2006 மார்ச் 21 அன்று திறக்கப்பட்ட ஓர் அறை. அங்கே வாத்தியக்காரர் யாரும் இல்லை. சூரியன், நிலவு ஆகியவற்றின் இருப்பிடம், பூமியின் நில அதிர்வுகள், காந்தப்புல மாற்றங்கள் ஆகியவற்றின் தரவுகள் அந்தந்த நொடியில் வந்து சேர, கணினி அவற்றை ஒலியாகவும் ஒளியாகவும் மாற்றுகிறது. பகலுக்கு ஒரு குரற்கூட்டம், இரவுக்கு ஒன்று. நிலம் அதிர்ந்தால் ஆழ்ந்த முரசொலி எழும். வடதுருவ ஒளி வானில் எழுந்தால் மணிகள் ஒலிக்கும். இந்த ஒலிகளுக்கெல்லாம் ஆதார ஸ்ருதி 24.27 ஹெர்ட்ஸ். பூமி தன்னைத்தானே ஒரு நாளில் சுற்றும் அலைவெண்ணை இருபத்தொரு ஸ்தாயி மேலே ஏற்றினால் கிடைக்கும் எண் அது.

பெயர் அவர் உருவாக்கியதன்று. ஆர்க்டிக் கடற்கரையில் இனுபியாக் மக்கள் நாலாகியாக்விக் என்று அழைக்கும் ஓர் இடத்தின் பெயரின் பொருள் இது. அங்கே சென்று அமைதியாக அமர்ந்து, பறவைகளும் திமிங்கிலங்களும் சொல்வதைக் கேட்டுப் புரிந்துகொண்ட ஒரு பெண்ணைப் பற்றிய பழங்கதை அந்த இடத்தோடு இணைந்திருக்கிறது.

'இனுக்சூட்' வெளியில் வாசிக்கப்படுவது ஏன்?

ஆர்க்டிக்கின் மரமற்ற பெருவெளியில் வழிகாட்டவும் அடையாளம் வைக்கவும் இனுவிட் மக்கள் அடுக்கும் கல் அமைப்புகளுக்கு இனுக்சூட் என்று பெயர். 2009-இல் கனடாவின் பான்ஃப் நகரில் முதன்முதலாக வாசிக்கப்பட்ட இந்தப் படைப்புக்கு ஒன்பது முதல் தொண்ணூற்றொன்பது பேர் வரை தாளக் கருவிகள் வாசிக்கலாம். எல்லோரும் நடுவில் ஒன்றுகூடி மூச்சொலியுடன் தொடங்குகிறார்கள். பின்னர் மெல்ல நடந்து பரந்து போகிறார்கள். சங்கொலி, முரசு, சைரன் என ஒலி பெருகி, காதை நிறைத்து, பிறகு நெடுநேரம் எடுத்துக்கொண்டு அடங்குகிறது. இறுதியில் பிக்கோலோவும் மணிக்கட்டைகளும் பறவைப் பாட்டுகளை வாசிக்கின்றன.

அந்த முடிவுப் பகுதிக்காகவே இதை நான் மிக விரும்புகிறேன். வாசிப்பவர்கள் ஒவ்வொருவராக நிறுத்திக்கொண்டு வர, இப்போது கேட்டது குழலா, மரத்தில் இருக்கும் பறவையா என்று சொல்ல முடியாத ஒரு கட்டம் வருகிறது. முடிந்துவிட்டது என்று அறிவிப்பவர் யாரும் இல்லை. கேட்பவர்கள் இருக்கைகளில் அமர்ந்திருக்க வேண்டியதுமில்லை. நடந்து, நின்று, தமக்குப் பிடித்த இடத்தைத் தேர்ந்து கேட்கலாம். 2011-இல் நியூயார்க்கின் பார்க் அவென்யூ ஆர்மரி என்ற பெருங்கூடத்தின் கூரைக்கடியிலும் இது வாசிக்கப்பட்டது.

பரிசு பெற்ற 'பிகம் ஓஷன்' படைப்பில் பறவைகள் உண்டா?

இல்லை. 2013 ஜூன் 20 அன்று லுடோவிக் மோர்லோ வழிநடத்த, சியாட்டில் சிம்ஃபனி முதன்முதலாக வாசித்த இந்த நாற்பத்திரண்டு நிமிடப் படைப்பில் தனி மெட்டு என்று ஒன்றைச் சுட்ட முடியாது. இசைக்குழு மூன்று கூட்டங்களாகப் பிரிந்து அமர்கிறது. ஒவ்வொரு கூட்டமும் தனக்கென்று வேறு வேறு நீளமுள்ள அலைகளில் எழுந்து தாழ்கிறது. மூன்று அலைகளும் ஒன்றுசேரும் சில இடங்களில் ஒலி மலைபோல் உயர்கிறது. சரிபாதியை எட்டியதும் இசை வந்த வழியே திரும்பிச் செல்கிறது. பறவை இல்லாவிட்டாலும், தன் தன் கணக்கில் செல்லும் குரல்கள் தற்செயலாகச் சந்திப்பது என்ற பழைய பாடம் இங்கே கடலளவு விரிந்திருப்பதைக் காணலாம்.

பிற்காலத்தில் அவர் பறவைகளிடம் திரும்பினாரா?

திரும்பினார். பாடகர் குழுவுக்காக 2013-இல் எழுதிய 'கேன்டிகிள்ஸ் ஆஃப் த ஹோலி விண்ட்' படைப்பில் ஹெர்மிட் த்ரஷும் மாக்கிங்பேர்டும் மனிதக் குரல்களிலேயே பாடுகின்றன. அலார்ம் வில் சவுண்ட் என்ற குழுவுக்காக 2014-இல் எழுதிய 'டென் தவுசண்ட் பேர்ட்ஸ்' காலை, பகல், அந்தி, இரவு என்று ஒரு நாளின் வட்டத்தில் பறவைகளைப் பின்தொடர்ந்து மீண்டும் காலைக்கு வருகிறது. வாசிப்பவர்கள் இடம் மாறி மாறி நிற்கிறார்கள். நாற்பது ஆண்டு இடைவெளிக்குப் பிறகும் அதே இளைஞரின் காது அப்படியே இருப்பதை இதில் கேட்க முடிகிறது.

இது சுற்றுச்சூழல் பிரசார இசையா?

ஆடம்ஸ் தம் படைப்புகளில் முழக்கங்கள் எதையும் வைக்கவில்லை. ஆனால் அவர் எழுதிய காலம் எத்தகையது என்பதை மறந்துவிட்டுக் கேட்கவும் முடியாது. 1970-க்குப் பிறகு வட அமெரிக்கா ஏறத்தாழ 300 கோடிப் பறவைகளை இழந்திருக்கிறது என்று 2019-இல் வெளிவந்த பெரிய ஆய்வு கணக்கிட்டது. 'சாங்பேர்ட்சாங்ஸ்' தொடங்கப்பட்டது 1974-இல். வுட் த்ரஷும் குறைந்துவரும் பறவைகளில் ஒன்று. கூடு கட்டும் வடக்குக் காடுகளும் குளிர்காலத்தைக் கழிக்கும் தெற்குக் காடுகளும் துண்டுபட்டுப் போவது அதற்கு முக்கியமான காரணம். அந்தப் பாட்டை எழுதியபோது அது மகிழ்ச்சியின் பாட்டாகவே இருந்திருக்கும். இன்று கேட்கையில் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

புதிதாகக் கேட்கத் தொடங்குபவர் எங்கிருந்து தொடங்கலாம்?

முதலில் வுட் த்ரஷின் உண்மையான பாட்டைத் தேடி ஒரு நிமிடம் கேளுங்கள். பிறகு 'சாங்பேர்ட்சாங்ஸ்' தொகுதியில் அந்தப் பெயருள்ள பகுதியைக் கேளுங்கள். எது வந்து சேர்ந்தது, எது வழியில் தங்கிவிட்டது என்பது காதுக்கே விளங்கும். ஒலியைக் குறைவாக வைத்து, சன்னலைத் திறந்து வைத்துக் கேட்பது நல்லது. மௌனங்கள் நீளமானவை, அந்த இடைவெளியில் உங்கள் தெருவின் ஒலிகள் வந்து அமர்வதில் தவறில்லை. 'பிகம் ஓஷன்' படைப்பை மட்டும் நல்ல ஒலிபெருக்கியில், இடையில் நிறுத்தாமல் ஒரே அமர்வில் கேட்க வேண்டும். அதன் தாழ்ந்த ஒலிகளைக் கைபேசியின் சிறு ஒலிபெருக்கியால் எழுப்ப முடியாது.

'இனுக்சூட்' பதிவுகளில் 2013-இல் வெளிவந்ததைத் தேடுங்கள். அது வெர்மான்ட் மாநிலத்தில் ஒரு காட்டுக்குள்ளேயே பதிவு செய்யப்பட்டது. கடைசிச் சில நிமிடங்களில் வாத்தியங்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்த பின்னும் பாட்டு நிற்பதில்லை. அந்தக் காட்டின் பறவைகள் தொடர்ந்து பாடுகின்றன.